பட்டறைக் கால்

எங்கள் தெருவில் யாருக்காவது சேர்ந்தாற்போல் நாலு நாள் இருமல் நீடித்தால், டாக்டரிடம் போகிறார்களோ இல்லையோ, முதலில் என் நூல் கடைக்கு வந்துவிடுவார்கள். "ஏனுங்க பழனிச்சாமி, உங்களுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுதுங்களா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். நான் ஏதோ சீமைக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவன் மாதிரி! நான் படித்ததெல்லாம் படுக்கையில்தான். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று துணிந்துவிட்டேன். ஆஸ்பத்திரியின் பேரை மட்டும் எழுதக் கூடாது என்று என் வீட்டுக்காரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். திருப்பூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், வேப்பமரங்களுக்கு நடுவே இருந்த ஒரு டி.பி. ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் கல்யாண வயது. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் வீடு, நொய்யல் கரையில் வேலை. சலவைப் பட்டறை என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. பனியன் துணி மெஷினிலிருந்து வெளியே வரும்போது பழுப்பாகத்தான் இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறி, மிதிபட்டு, அலசிக் காய்ந்த பிறகுதான் கடையில் நீங்கள் பார்க்கிற வெள்ளை வரும். மிதிப்பது நாங்கள். முழங்கால் வரை அந்தத் தண்ணீரில் இறங்கி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாட்டும் கிண்டலுமாக மிதிப்போம். சாயங்காலம் புளித்தண்ணீரில் காலைக் கழுவி, நல்லெண்ணெய் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். என்ன தடவினாலும் பாதம் வெளுத்து, வெடித்து, நகம் மஞ்சள் பூத்துத்தான் இருக்கும். அதற்குப் பேரே பட்டறைக் கால். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா என் முகத்தைப் பார்க்கும் முன்னே காலைப் பார்த்துவிட்டு, "ஓ, பட்டறைங்களா" என்று இழுத்தார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

இந்தக் காலைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. என் உயிர் போக இருந்தது நெஞ்சால் அல்ல, இந்தக் காலால்தான்.

இருமல் வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறையில் எல்லோருக்கும் பவுடர் நெடியில் இருமல் உண்டு. சாயங்காலக் காய்ச்சல் வந்தது, வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது, அப்போதும் சுக்குக் கஷாயம்தான். ஒருநாள் காலையில் இருமியபோது கையிலிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பு தெரிந்தது. நாளெல்லாம் வெள்ளையை வெள்ளையாக்கியே பிழைத்தவனுக்கு அந்தப் பொட்டுச் சிவப்பு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. என் அக்கா சரசு இதே நோயில்தான் போனாள். மண்ணரை என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா வீட்டில் தறிக்குப் பாவு ஓட்டுவதும் சமைப்பதுமாக இருந்தவள். பிள்ளை பெற்ற கையோடு நோய் கண்டது. கோயமுத்தூரில் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சநாள் தேறினாள். பிறகு கடைசியாக எங்கள் வீட்டுக்கே வந்து கிடந்தாள். நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஒரு அலுமினியப் போசியில் தண்ணீரை நிரப்பி இரண்டு காலையும் அதற்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "ஏன் அக்கா?" என்றால், "உடம்புச் சூடு தம்பி" என்று சிரிப்பாள். அவள் விட்டுவிட்டுப் போன குழந்தை தங்கமணி எங்களோடுதான் வளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இருட்டறைக்குள் சட்டையைக் கழற்றி, குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்று மூச்சை அடக்க வேண்டும். பிறகு சளியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அப்பப்பா! பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். யார் இருமினாலும் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்போம், பார்க்காத மாதிரியும் நடிப்போம். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரலில் ஒரு புகை மூட்டத்தைக் காட்டி, "இங்கே பூச்சி குடியேறியிருக்கு. கிளப்பிவிட மாசக்கணக்கில் ஆகும். மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது. பாதியில் விட்டா, செத்தது போக மிச்சமிருக்கிற பூச்சி முரட்டுப் பூச்சியாகிடும். அப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காது" என்றார். இருமுகிறவர்கள் எல்லோரும் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நான் எழுதுவதில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை.

நீளமான வார்டு. இரண்டு பக்கமும் கட்டில்கள், எந்நேரமும் திறந்தே கிடக்கும் ஜன்னல்கள், கட்டிலுக்கடியில் மூடி போட்ட துப்புச்சட்டி. என் பக்கத்துக் கட்டில்காரர் அருளப்பன், சேவூர்ப் பக்கம் பண்ணையத்தில் வேலை செய்தவர். தலைமாட்டில் ஒரு சின்ன மாதா படம். என் தலைமாட்டில் முருகன். "ரெண்டு பேரும் ராத்திரியில என்ன பேசிக்குவாங்களோ" என்பார் அருளப்பன். என் ஊர்ப் பேரைக் கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. வார்டில் சிரிக்கக் கூடாது, சிரித்தால் இருமல் வரும். நாங்கள் சிரித்தோம், இருமினோம், நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கினோம்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஏனோ இனிக்கிறது. சாயங்கால வெயில் வேப்பமரத்தில் சாயும் நேரம் யாரோ ஒருவர் ரேடியோவைத் திருகுவார். ஒருவர் வீட்டிலிருந்து வந்த முறுக்கு எல்லாக் கட்டிலுக்கும் போகும். நோய் தொற்றிக்கொள்ளும் என்று சொந்தக்காரர்கள் எட்டி நின்று பேசிய காலத்தில், நாங்கள் ஒருவர் நெற்றியை ஒருவர் தொட்டுக் காய்ச்சல் பார்த்தோம். அந்த மாதிரி ஒட்டுறவு அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

மருந்தைச் சொல்கிறேன். இடுப்பில் தினம் ஒரு ஊசி. பாஸ் என்று ஒரு மருந்து, கை நிறைய விழுங்க வேண்டும். அது குமட்டிக் குமட்டிக் குடலைப் பிடுங்கும். இவற்றோடு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ஐசோனியாசிட் என்று பேர். சாதுவாக இருக்கும், கசப்புகூட அவ்வளவாகத் தெரியாது. பூச்சியைக் கொல்வதில் அதுதான் மன்னன் என்றார்கள். அருளப்பனுக்கும் எனக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். அவர் அதைக் கடலைப் பருப்பு மாதிரி வாயில் போட்டுக்கொள்வார்.

என் காய்ச்சல் நின்றது. எடை கூடியது. சளியில் பூச்சி குறைந்துவிட்டது என்றார்கள். அப்போதுதான் கால் ஆரம்பித்தது.

முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு உள்ளங்கால் எரிந்தது. பிறகு போர்வை பட்டாலே உயிர் போனது. பெரிய டாக்டர் என் கட்டில் அட்டையைப் பார்த்தார், அதில் பட்டறைத் தொழிலாளி என்று இருந்தது. "பிளீச்சிங் பவுடர்ல வருஷக்கணக்கா நின்ன காலு, எரியாம என்ன செய்யும்?" என்று சொல்லிக் களிம்பு எழுதிக்கொடுத்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது. பட்டறையில் நிற்பவன் கால் எரிச்சலுக்கு வேறு காரணம் தேடவே மாட்டான். என்னைப் பார்க்க வந்த பட்டறைச் சினேகிதர்களும் அப்படித்தான் பேசினார்கள்.

"பட்டறைய உட்டு வந்து இத்தன மாசமாச்சேப்பா, இப்பப் போயி எரியுது?" என்று கேட்டேன்.

"அப்ப உள்ள ஊறுன பவுடரு இப்பத்தான் வெளிய வருது. நல்லதுதான், வரட்டும்" என்றான் ஒருவன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, ஒரு பாட்டில் விளக்கெண்ணெயும் கொஞ்சம் புளியும் வைத்துவிட்டுப் போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் என் கால் வெடிப்பெல்லாம் ஆறி, மாப்பிள்ளைக் கால் மாதிரி மழமழவென்று ஆகியிருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக அது என்றுமே இருந்ததில்லை. ஆனால் உள்ளே தணல் கொட்டி வைத்த மாதிரி எரிந்தது. "நெருப்பெரிச்சல்காரருக்குக் காலு எரியாம வேற என்னுங்க எரியும்?" என்று அருளப்பன் கேலி பேசிக்கொண்டே என் காலுக்கு விசிறுவார்.

தாங்க முடியாமல் ஒருநாள் ஆயாம்மாவிடம் கெஞ்சி ஒரு போசி வாங்கி, தண்ணீர் நிரப்பிக் கட்டிலடியில் வைத்து, இரண்டு காலையும் அதில் விட்டுக்கொண்டேன். அட, என்ன சுகம்! அன்று ஞாயிற்றுக்கிழமை. பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி உண்டு. குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் தங்கமணி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது. நானும் ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தார்.

போசியைப் பார்த்ததும் அம்மாவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"யார்றா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா?"

"ஆரும் இல்லீங்மா. காலு எரியுது, பவுடரு..."

"அய்யோ, முருகா! எம்பட பையனுக்கும் வந்துருச்சே!" என்று அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. "அவளுக்கும் இப்பிடித்தாண்டா எரிஞ்சுது. அந்த வெள்ள மாத்தர. பாழாப் போன சூட்டு மாத்தர. எரிச்சல் தாங்காம அவ அத நிறுத்திப்போட்டா, அதுக்கப்பறம் ஒரே இருமலாப் போயி... எந்திரிடா. ஊட்டுக்குப் போலாம். இன்னி ஒரு மாத்தர உன் வாயில படக்கூடாது. ஒருத்தியப் பறிகுடுத்தது போதும்."

நான் எழுந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. அந்தக் கால் எரிச்சலில் யாராவது வா என்றால் போதும் என்றிருந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். அருளப்பன்தான், "கொஞ்சம் பொறுங்கம்மா, ஒரு நிமிசம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே, ஓடக் கூடாத நெஞ்சோடு வராந்தாவில் ஓடினார்.

அவர் கூட்டிவந்தது புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவை. திருநெல்வேலிக்காரர். நோயாளியைப் பார்த்தால் "என்ன செய்யுது?" என்றுதான் கேட்பார். "நான் ஒண்ணும் செய்யலீங்க, சும்மாதான் படுத்திருக்கறேன்" என்று எங்கள் ஊர்க்காரர்கள் பதறுவார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுங்கம்மா. யாருக்குக் கால் எரிஞ்சுது?"

"எம்பட மகளுக்குங்க."

"அவங்களும் சலவைப் பட்டறையில வேலை செஞ்சாங்களா?"

"அய்யோ, இல்லீங்க. அவ தறி ஊட்டுப் புள்ளைங்க. அந்தத் தண்ணியில ஒருநாளும் கால வெச்சதில்லீங்க."

டாக்டரம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். என் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துத் துடைத்தார். குண்டூசியால் அங்கங்கே தொட்டுக் கேட்டார். இரண்டு காலிலும் ஒரே அளவுக்கு, காலுறை போட்டதுபோல் எரிச்சல் ஏறியிருந்தது. "பவுடர் புண்ணு இப்படி ரெண்டு காலிலும் அளந்து வெச்ச மாதிரி ஏறாது. தோலிலே ஒண்ணுமே இல்லை. இது நரம்பு" என்றார்.

பிறகு அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். விழுங்கின மாத்திரையை உடைத்து வெளியே தள்ளுகிற வேலை ஈரலுடையது. அந்த வேலையைச் சிலருடைய ஈரல் வேகமாகச் செய்யும், சிலருடையது மெதுவாகச் செய்யும். இரண்டு தையல்காரர்களுக்கு ஒரே அளவு பீஸ் கொடுத்தால், வேகமானவர் மேசை சாயங்காலம் காலியாக இருக்கும், மெதுவானவர் மேசையில் குவிந்து கிடக்கும் இல்லையா, அந்த மாதிரி. அருளப்பன் மேசை காலி. என் மேசையில் மாத்திரை குவிந்துகொண்டே போனது. அது பூச்சியைக் கொல்வதோடு நிற்காமல், நரம்புக்கு வேண்டிய ஒரு சத்தையும் உடம்பிலிருந்து அடித்துக்கொண்டு போனது. இந்த வேகமும் மெதுவும் பிறவியிலேயே வருவது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ரத்தத்தில் இறங்குவது. தேசத்துக்குத் தேசம்கூட மாறுமாம். ஜப்பான்காரர்களில் வேகக்காரர்கள் அதிகம், நம் பக்கத்தில் மெதுவானவர்கள் நிறையப் பேர் என்றார்.

"அப்பிடீன்னா, மெதுவான எல்லாருக்கும் எரியுமுங்களா?" என்று அருளப்பன் கேட்டார்.

"இல்லை. உடம்பு வாகு ஒண்ணு, வயித்துக்குப் போறது ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்த வேலை. பழனிச்சாமி, தினம் உங்களுக்கு முட்டையும் பாலும் வருதே, சாப்பிடுதீங்களா?"

நான் அருளப்பனைப் பார்த்தேன். பாஸ் மருந்தின் குமட்டலில் நான் பாதிச் சோறுதான் தின்பேன். போதாக்குறைக்கு, நான் தேறி வருகிறவரை முட்டையும் கறியும் என் வாயில் படாது என்று அம்மா முருகனுக்கு வேண்டியிருந்தார். கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் பட்டினி வேறு. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். 

"அப்ப முட்டையை யார் சாப்பிடுதது?"

"நானுங்க" என்று அருளப்பன் தலையைச் சொறிந்தார். "பாலும் நானுங்க."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். சத்தில்லாத உடம்பு, அதிலும் பிள்ளை பெற்றுப் பால் கொடுக்கிற உடம்பு என்றால் எரிச்சல் இன்னும் சீக்கிரம் வரும் என்றார். அக்காவை நினைத்துத்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு, வெள்ளை மாத்திரையை நிறுத்தவே கூடாது, அதோடு பைரிடாக்சின் என்று ஒரு வைட்டமின் மாத்திரையைச் சேர்த்தால் போதும், எரிச்சல் மெல்ல அடங்கும் என்றார்.

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப எம்பட சரசுக்கும் அந்த மாத்தர ஒண்ணு சேத்திக் குடுத்திருந்தா... போதுமா இருந்திருக்குமுங்களா, டாக்டரம்மா?"

டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இது எங்களுக்கே சரியாத் தெரியாதும்மா" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு சின்ன மாத்திரை! அது இல்லாமல், எரிச்சலுக்குப் பயந்து மருந்தையே விட்டுவிட்டு, என் அக்கா போசித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, சூடு தம்பி, சூடு தம்பி என்று சிரித்துக்கொண்டே செத்துப்போனாள்.

அம்மா எழுந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அருளப்பனின் தட்டில் அன்றைய முட்டை இருந்தது. அதை எடுத்து உரித்து என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"தின்னு சாமி. முருகங்கிட்ட நான் பேசிக்கறேன்."

எரிச்சல் ஒரே நாளில் போய்விடவில்லை. சில வாரம் இழுத்தது. அதன் பிறகு போர்வை பட்டால் போர்வையாகத் தெரிந்தது. நானும் அருளப்பனும் ஒரு மாத வித்தியாசத்தில் வீடு திரும்பினோம். அதற்குப் பிறகு நான் தொட்டியில் இறங்கவில்லை, நூல் கடை வைத்தேன். அருளப்பன் இன்றும் பொங்கலுக்கு ஒரு மூட்டைக் கடலையோடு வந்துவிடுவார். "உங்க முட்டைக்கு வட்டிங்க" என்பார்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வருஷம் தங்கமணிக்கு இருமல் வந்தது. பதினாறு வயது, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. அக்காவின் முகம், அக்காவின் சிரிப்பு. படத்தில் அதே புகை மூட்டம். இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்கிறார்கள். மாத்திரை எழுதிய சின்ன டாக்டரின் மேசையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஐயா, எங்க குடும்பத்துக்கு இந்த மாத்தரைக்குக் காலு எரியுமுங்க. இவ அம்மாவுக்கு எரிஞ்சுது, எனக்கு எரிஞ்சுது. மொத நாள்ல இருந்தே அந்த வைட்டமினையும் சேத்திக் குடுத்துருங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தினம் காலையில் "காலு எப்பிடி கண்ணு?" என்பேன். "நல்லாத்தானுங் மாமா இருக்குது" என்பாள். நாளாக ஆக, அவளுக்கு எரிச்சல் வந்தது என்னைக் கண்டால்தான். அம்மா முட்டையை உரித்துக்கொண்டு அவள் பின்னாலேயே அலைவார்.

மாத்திரை முடிய இன்னும் ஒரு வாரம் என்றிருந்த ஒரு காலைநேரம். பல் துலக்கப் புழக்கடைக்குப் போனேன். கிணற்றடியில் அந்தப் பழைய அலுமினியப் போசி இருந்தது. நிறையத் தண்ணீர். அதன் பக்கத்தில் தங்கமணி பாவாடையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு குந்தியிருந்தாள். ஓடிப்போய்க் கேட்டேன்.

"காலு எரியுதா கண்ணு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்லீங் மாமா. தாவணியில மஞ்சக் கறை. ஊற வெச்சிருக்கறேன்."

நான் அப்படியே கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து, சுட ஆரம்பித்திருந்த கல்லில் வெறுங்காலோடு நடந்துபோய்க் கொடிக் கயிற்றைத் துடைத்துவிட்டு வந்தாள். நல்ல கால். அடுப்படி வாசலில் அம்மா நின்று அந்தக் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் எங்காலையே பாத்துட்டு நின்னா, இந்தத் துணிய ஆரு புழியறது?" என்றாள் தங்கமணி.

நான்தான் பிழிந்தேன்.